மே மாதத்தில் திறந்திருக்கும் கதவு: டிசைன் படிப்பை எங்கே படிப்பது?

பிளஸ் டூ முடிவு வந்த இரண்டாம் நாள் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கிவிடும். சென்னையில் சிறிய வடிவமைப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். வருடத்துக்கு ஒருவரோ இருவரோ புதிதாக வேலைக்குச் சேர்வார்கள். அந்த ஒரு தகுதியை வைத்து, வரையத் தெரிந்த பிள்ளை இருக்கும் உறவினர் வீடுகளுக்கெல்லாம் நான்தான் காசில்லாத ஆலோசகர். இந்த ஆண்டு முதலில் பேசியவர் ஈரோட்டில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கையின் கணவர்.

"மச்சான், பாப்பாவுக்கு ஒரு டிசைன் கல்லூரி பார்த்திருக்கிறேன். நான்கு வருடத்துக்குப் பதினொரு லட்சம். இன்று மாலைக்குள் ஐம்பதாயிரம் கட்டினால் இருபது சதவீதம் உதவித்தொகை என்கிறார்கள். கட்டிவிடட்டுமா?"

"இன்று கட்ட வேண்டாம், மாப்பிள்ளை" என்றேன். அந்தக் கல்லூரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்று ஏன் கட்ட வேண்டாம் என்பதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியவில்லை. இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

## முதலில் எதை வைத்து அளப்பது?

பட்டம் யாருடையது. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றச் சட்டத்தால் அந்த அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும்தான் உண்டு. கையேட்டின் அட்டையில் பெரிதாக இருக்கும் பெயரைப் பார்க்காதீர்கள். சான்றிதழில் அச்சாகப் போகும் பெயர் எது என்று கேளுங்கள். பல இடங்களில் பட்டம் ஒரு பல்கலைக்கழகத்துடையதாகவும், பாடம் நடத்துவது அதனோடு ஒப்பந்தம் போட்ட வேறொரு நிறுவனமாகவும் இருக்கும். அந்த ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

முழுச் செலவு. பெற்றோர் வருடக் கட்டணத்தை நான்கால் பெருக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கணக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பம். வருடத்துக்கு 2 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 8 லட்சம் வங்கிக் கடன், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். தனிவட்டியாகப் போட்டாலே அந்த ஐந்து ஆண்டுகளில் 3.08 லட்சம் சேர்ந்துவிடுகிறது. ஆக, கட்டத் தொடங்கும் நாளில் கடன் 11.08 லட்சம். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 15,260 ரூபாய் வேண்டும். என் நிறுவனத்தில் புதிதாகச் சேர்பவருக்கு நான் கொடுப்பது மாதம் 22,000. இதைவிடக் கூடுதலாகத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என்னைப் போன்ற சிறிய இடங்களில்தான் பலரும் தொடங்குகிறார்கள். சம்பளம் வந்த அன்றே ஏறத்தாழ எழுபது சதவீதத்தைத் தவணைக்குக் கொடுத்துவிட்டுச் சென்னையில் வாடகையும் சாப்பாடும் எப்படிப் பார்ப்பது?

கற்பிப்பவர் யார், கடைசியில் கையில் என்ன இருக்கும். இந்தத் துறையில் மதிப்பெண் பட்டியலை யாரும் கேட்பதில்லை. படைப்புத் தொகுப்பைத்தான், அதாவது போர்ட்ஃபோலியோவைத்தான், புரட்டிப் பார்ப்போம். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இடையில் விலகினால் என்ன கிடைக்கும். கல்யாண வீட்டில் அபசகுனமாகப் பேசுவது போல நினைத்து இதை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

## அரசு கவின் கலைக் கல்லூரி

சென்னை பெரியமேட்டில், ஈ.வெ.ரா. பெரியார் சாலையின் இரைச்சலுக்குள் ஒரு பழைய வளாகம் இருக்கிறது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. மெரினா உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி இங்கே முதல்வராக இருந்தவர். அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் சோழமண்டலம் கலைஞர்கள் கிராமத்தை உருவாக்கினார்கள். கும்பகோணத்திலும் இதே போன்ற அரசுக் கல்லூரி இருக்கிறது. சிற்பமும் கோயில் கட்டடக் கலையும் வேண்டுமென்றால் மாமல்லபுரத்தில் தனிக் கல்லூரியே உண்டு.

கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்தவராக இருந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. வண்ணத்துக்கும் தாளுக்கும் அது ஓரளவு ஆகும். நுழைவுக்கு வரைதிறன் தேர்வு உண்டு, இடங்கள் குறைவு.

மறைந்திருக்கும் செலவு பணமாக இல்லை. வண்ணக்கலை, சிற்பம், சுடுமண் கலை, பதிப்போவியம், துகிலியல், காட்சிவழித் தகவல் வடிவமைப்பு என்று துறைகள் இருந்தாலும், செயலி வடிவமைப்பு போன்ற புதிய வேலைகளுக்கு வேண்டிய மென்பொருளை மாணவரே தேடிக் கற்க வேண்டியிருக்கும். வேலைவாய்ப்புக்கு நிறுவனங்கள் வரிசையில் வந்து நிற்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது. தானாக ஓடக்கூடிய பிள்ளைக்குத்தான் இது சரிப்படும். யாராவது பின்னால் நின்று தள்ள வேண்டும் என்றால் நான்கு ஆண்டுகளும் மரத்தடியில் கழிந்துவிடும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். என்னிடம் வேலைக்கு வருபவர்களில் உட்கார்ந்த இடத்தில், எதையும் பார்க்காமல், ஒரு கையை ஒழுங்காக வரையக்கூடியவர்கள் பெரும்பாலும் இங்கிருந்து வந்தவர்கள்.

## தேசிய நிறுவனங்கள்

அகமதாபாத்தில் 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம் இந்தத் துறையின் மூத்த பெயர். தமிழில் சுருக்கி எழுதினால் இதுவும் என்.ஐ.டி., திருச்சி பொறியியல் நிறுவனமும் என்.ஐ.டி. இந்தக் குழப்பத்தில் வேறு நுழைவுத் தேர்வுக்கு ஒரு வருடம் படித்த பையனைப் பார்த்திருக்கிறேன். அகமதாபாத் நிறுவனத்துக்கு வித்திட்டது, 1958இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கை. நம் வீட்டுச் சொம்பை அதில் வியந்து எழுதியிருந்தார்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், இடுப்பில் எப்படி உட்காரும், ஊற்றும்போது எப்படிச் சாயும் என்று அடுக்கிக்கொண்டே போகும் அந்தப் பார்வைதான் இன்றைக்கும் நுழைவுத் தேர்வில் சோதிக்கப்படுகிறது. அழகாக வரைவதைவிட, ஒரு பொருளைப் பார்த்து அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கத் தெரிய வேண்டும்.

தரமணியில் 1995 முதல் இயங்கும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்துக்கு, அதாவது நிஃப்டுக்கு, தனித் தேர்வு. மும்பை ஐஐடி நடத்தும் யூசீட் தேர்வு வழியாக மும்பை, டெல்லி, குவாஹாட்டி, ஹைதராபாத் போன்ற ஐஐடிகளில் வடிவமைப்பு இளநிலைப் பட்டம் படிக்கலாம். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் யூசீட் எழுத முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அரசு நிறுவனம் என்பதால் மலிவாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தேசிய வடிவமைப்பு நிறுவனமும் நிஃப்டும் வாங்கும் கட்டணம் லட்சங்களில்தான். இட ஒதுக்கீடும், வருமானத்தைப் பொறுத்த கட்டண உதவிகளும் உண்டு. பெரிய பெயர் என்பதால் வங்கி மேலாளரின் முகமும் கொஞ்சம் மலரும். மறைவுச் செலவு என்றால் பயிற்சி மையங்கள்தான். ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும் பயிற்சிக் கட்டணங்கள் இருக்கின்றன.

உண்மையான சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. இந்தத் தேர்வுகளுக்கான விண்ணப்பங்கள் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். தேர்வுகள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள். மருத்துவம், பொறியியல் பேச்சிலேயே மார்ச் வரை ஓடிவிட்ட வீட்டில், மே மாதத்தில் பிள்ளை வாய் திறந்து "எனக்கு டிசைன்தான் பிடிக்கும்" என்று சொல்லும்போது இந்தக் கதவெல்லாம் சாத்தியாகிவிட்டது. அகலத் திறந்திருப்பது ஒரே கதவு. வாசலில் குளிர்சாதனக் காற்றோடு அழைப்பதும் அதுதான்.

## தனியார் வடிவமைப்புக் கல்லூரி

இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் வந்து நிற்பது இங்கேதான்.

நம் நாட்டில் கல்லூரியை லாபத்துக்காக நடத்தக் கூடாது. 2002இல் டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகவே சொன்னது: நிறுவனம் வளர நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபம் கூடாது. ஆகவே ஏட்டளவில் இவை அறக்கட்டளைகளும் சங்கங்களும்தான். ஆனால் கட்டடம் நிறுவனர் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்து, அறக்கட்டளை வாடகை கொடுக்கலாம். பாடத்திட்டம், பெயர், மாணவர் சேர்க்கை எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு கம்பெனி கட்டணம் வாங்கலாம். லாபம் என்ற சொல் எங்கும் இருக்காது.

அமெரிக்காவில் இந்தச் சுற்றுவழி தேவையில்லை. லாபத்துக்கென்றே பதிவு செய்து கலைக் கல்லூரி நடத்தலாம். பிட்ஸ்பர்க்கில் 1921இல் தொடங்கிய ஆர்ட் இன்ஸ்டிட்யூட், பின்னாளில் எஜுகேஷன் மேனேஜ்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்பெனியின் கையில் நாடெங்கும் வளாகங்களாகப் பரவியது. எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்று தலையெண்ணிச் சேர்க்கை ஊழியர்களுக்குப் பணம் கொடுத்தது என்பது அந்தக் கம்பெனி மீதான குற்றச்சாட்டு. அரசு கல்விக் கடன் பெறும் கல்லூரிகளுக்கு அது சட்டப்படி தடை. 2015இல் 95.5 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. 2017இல் கல்லூரிகள் கைமாறின. எஞ்சிய எட்டு வளாகங்களும் 2023 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டன. மூடப் போகும் செய்தி மாணவர்களுக்குச் சில நாட்களுக்கு முன்புதான் தெரிந்தது. 2024 மே மாதம் அமெரிக்க அரசு, அங்கே படித்த ஏறத்தாழ 3,17,000 பேரின் 6.1 பில்லியன் டாலர் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது.

நம் ஊரில் அப்படித் தள்ளுபடி வரும் என்று நம்பிக் கடன் வாங்க முடியாது. அந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே கேள்வி: எதிரே உட்கார்ந்து இனிமையாகப் பேசும் ஆலோசகருக்குச் சம்பளம் எதற்காக வருகிறது? பாடம் நடத்தவா, ஆள் சேர்க்கவா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பரின் மகனுக்காக அப்படி ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். கண்ணாடி அறை, வரிசையாகப் பெரிய திரைக் கணினிகள், சுவரில் பழைய மாணவர்கள் வேலை செய்யும் நிறுவனங்களின் சின்னங்கள். எல்லாவற்றையும் காட்டிவிட்டு ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார்கள். மூன்றாம் ஆண்டு வகுப்பைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "இன்று சனிக்கிழமை, சார்" என்றார் ஆலோசகர். ஆனால் மாடிப்படியில் ஒரு மாணவி கோப்போடு இறங்கிக்கொண்டிருந்தாள். கேட்டதும் திறந்து காட்டினாள். ஒரு காபிக் கடைக்கான சின்னம், உறை, கோப்பை, சுவரொட்டி என்று பளபளப்பாக நாற்பது பக்கம். எல்லாம் இணையத்தில் கிடைக்கும் ஆயத்த மாதிரிப் படங்களில் ஒட்டியவை. அந்தச் சின்னத்துக்கு வரைந்து பார்த்த முதல் கோடுகள் எங்கே என்றேன். "நேராகக் கணினியில்தான் செய்தோம், அங்கிள்" என்றாள். மறைக்கவில்லை பாவம், அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அதே கல்லூரியில் எழுத்துரு வடிவமைப்பு எடுக்க வாரம் ஒரு நாள் வந்துகொண்டிருந்தவரை எனக்குத் தெரியும். தமிழ் எழுத்தின் சுழியைப் பற்றி அவர் ஒரு மணி நேரம் பேசினால் பிள்ளைகள் அசையமாட்டார்கள். நல்ல தனியார் கல்லூரியின் உண்மையான பலம் இதுதான்: வேலையில் இருப்பவர்களை வகுப்புக்குக் கொண்டுவர முடியும், பாடத்தைச் சீக்கிரம் மாற்ற முடியும். ஆனால் அவர் அடுத்த பருவம் வருவார் என்று யாரும் எழுதிக் கொடுக்கமாட்டார்கள். அவர் வரவும் இல்லை.

மறைவுச் செலவுகளுக்கு வருவோம். கட்டணம் ஆண்டுக்கு இரண்டு லட்சத்தில் தொடங்கி ஐந்தைத் தாண்டுவதும் உண்டு. அதற்கு மேல்:

- திறன் கூடிய மடிக்கணினி, மின்னணு வரைபலகை: ஒரு லட்சம் வரை.
- மென்பொருள் சந்தா: கல்லூரி தருகிறதா, வளாகத்துக்குள் மட்டுமா, வீட்டுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள்.
- அச்சு, மாதிரி செய்யும் பொருட்கள்: ஒவ்வொரு பருவமும் கைப்பணம்.
- கல்விச் சுற்றுலா, இறுதியாண்டுக் கண்காட்சி: கையேட்டில் "மாணவர் அனுபவம்" என்று இருக்கும், பில் தனியாக வரும்.
- உதவித்தொகை: பெரும்பாலும் முதலாண்டுக்கு மட்டும். தொடர மதிப்பெண் நிபந்தனை இருக்கும்.

விலகும் வழி பற்றி: மானியக் குழுவின் 2018 அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாட்கள் முன்பே விலகினால், சிறு நடைமுறைக் கட்டணம் போக, முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும். பிறகு 90, 80, 50 சதவீதம் என்று இறங்கும். கடைசி நாள் கடந்து முப்பது நாட்களுக்கு மேல் ஆகிவிட்டால் ஒன்றுமில்லை. மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. ரசீதின் அடியில் "திருப்பித் தரப்படாது" என்று பொடி எழுத்தில் அடித்திருந்தாலும் இந்த விதியைக் காட்டிக் கேட்கலாம்.

## பயிற்சி மையங்கள்

அனிமேஷன், காட்சி விளைவுகள், கிராஃபிக் டிசைன் சொல்லிக்கொடுக்கும் மையங்கள் வெளிப்படையாகவே வியாபாரம். அரீனா, மாக் இரண்டும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஆப்டெக் நிறுவனத்தின் பிராண்டுகள். கிளைகளைப் பெரும்பாலும் உரிமம் பெற்றவர்கள் நடத்துகிறார்கள். ஆகவே பெயர் ஒன்றாக இருந்தாலும் தரம் கிளைக்குக் கிளை மாறும். கிடைப்பது சான்றிதழ், பட்டம் இல்லை. மானியக் குழுவின் கட்டண விதியும் இங்கே செல்லாது.

ஏற்கெனவே பட்டம் இருப்பவர், அல்லது வேலை பார்த்துக்கொண்டே ஒரு மென்பொருளை மட்டும் பிடித்துக்கொள்ள நினைப்பவர், ஆறு மாதமோ ஒரு வருடமோ இங்கே படிப்பது நல்ல கணக்கு. பிளஸ் டூ முடித்த கையோடு இதை மட்டும் நம்பி இறங்குவது எனக்குப் பிடிப்பதில்லை. 2025 பிப்ரவரியில், திரைப்படங்களுக்குக் காட்சி விளைவுகள் செய்துவந்த டெக்னிகலர் குழுமம் நொடிந்தபோது இந்தியாவில் ஆயிரக்கணக்கான கலைஞர்கள் ஒரே வாரத்தில் வேலை இழந்தார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் வேறு பக்கம் திரும்பக் கையில் ஒரு பட்டமாவது இருக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | அரசு கவின் கலை | தேசிய நிறுவனம் | தனியார் கல்லூரி | பயிற்சி மையம் |
|---|---|---|---|---|
| சான்று | பல்கலைப் பட்டம் | பட்டம் | பட்டம், யாருடையது என்று பார்க்கவும் | சான்றிதழ் |
| கட்டணம் | சில ஆயிரம் | லட்சங்கள், உதவி உண்டு | 2 லட்சம் முதல், ஆண்டுக்கு | படிப்பைப் பொறுத்து |
| மறைவுச் செலவு | மென்பொருளைத் தானே கற்கும் நேரம் | தேர்வுப் பயிற்சி, ஒரு வருடம் | கணினி, பொருட்கள், வட்டி | கூடுதல் பாடப்பிரிவுகளிலும் சேரச் சொல்லும் தொல்லை |
| பலம் | கை, கண் | சிந்தனை, பழைய மாணவர் வட்டம் | துறையில் இருப்பவர்களின் வகுப்பு | வேகம் |
| விலகினால் | இழப்பு சிறிது | விதி உண்டு | விதி உண்டு, போராட வேண்டும் | ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான் |

## யாருக்கு எது

பணம் இல்லை, பிள்ளையிடம் வெறி இருக்கிறது என்றால் பெரியமேடு அல்லது கும்பகோணம். யோசிக்கவே வேண்டாம். ஓவியத்தைவிடப் பொருட்களையும் மனிதர்களையும் கவனிப்பதில் ஆர்வமுள்ள பிள்ளை என்றால் தேசிய நிறுவனங்கள். தனியார் கல்லூரி யாருக்குப் பொருந்தும் என்றால், கடன் இல்லாமலோ மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடன் போகாமலோ கட்டக்கூடிய குடும்பத்துக்கு. அதுவும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஐந்து பேரின் ஓவிய நோட்டைப் பார்த்து மனம் நிறைந்த பிறகு. வெளியூர் அனுப்ப முடியாத வீட்டுச் சூழ்நிலையும், வீட்டருகே உள்ள நல்ல தனியார் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க நியாயமான காரணம்தான். அதைச் சொல்லப் பெற்றோர் கூச்சப்பட வேண்டியதில்லை.

எந்தக் கையேட்டிலும் அச்சிடாத ஐந்தாவது வழி ஒன்றும் இருக்கிறது: ஒரு வருடம் காத்திருப்பது. பிளஸ் டூ எழுதும் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் யூசீட் எழுதலாம். மற்ற தேர்வுகளுக்கும் மறுபடி விண்ணப்பிக்கலாம். ஒரு வருடம் வீணாகிறதே என்று உறவினர்கள் உச்சுக்கொட்டுவார்கள். பதினொரு லட்சத்தைக் கொண்டுபோய்த் தவறான இடத்தில் கட்டியவரைப் பார்த்து அவர்கள் உச்சுக்கொட்டி நான் கேட்டதில்லை.

ஈரோட்டில் அதைத்தான் செய்தார்கள். பாப்பா தினமும் காலையில் பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைகிறாள். மாலையில் ஒரு ஓவிய ஆசிரியரிடம் போகிறாள். வாரம் ஒருமுறை பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறாள். முதல் மாதம் எல்லா மனிதர்களும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். கேட்டதற்கு, "கை வரைய வரவில்லை, மாமா, அதனால் மறைத்துவிட்டேன்" என்றாள். போன வாரம் வந்த பக்கத்தில் ஒரு நடத்துநர் விரல்களுக்கிடையில் நோட்டுகளை மடித்துச் செருகிக்கொண்டு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கல்லூரியிலிருந்து மாப்பிள்ளைக்கு இன்னமும் அழைப்பு வருகிறதாம். ஒரு மாலைக்குள் முடிந்துவிட வேண்டிய அந்த இருபது சதவீத உதவித்தொகை, ஜூலையில் முப்பதாகியிருக்கிறது.